கடல் கடந்த கணினிப் பயிற்சி: கற்கவா, கூலிக்கா?

கடல் கடந்து செல்வது நம் கரையோர ஊர்களுக்குப் புதிய செய்தியன்று. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நாகூரிலும் அதிராம்பட்டினத்திலும் ‘சபுர்’ என்னும் சொல்லை அறியாத வீடு இல்லை. சபுராளி வந்திறங்கிய நாளையும், அவர் மீண்டும் கப்பலேறிய நாளையும் கொண்டே பல குடும்பங்கள் தம் காலத்தைக் கணக்கிட்டு வந்தன. கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர், இரங்கூன் என்று சென்றவருள் பலர் மீசை அரும்பாத சிறுவர்களாகவே சென்றனர். முதலில் கடையைப் பெருக்கினர். பின்னர்த் தராசு பிடித்தனர். சில ஆண்டுகள் கழிந்தபின் கல்லாவின் அருகில் அமர்ந்து பேரேடு எழுதக் கற்றனர். இன்றைய மொழியில் கூறினால், அவர்களும் அயல்நாட்டில் தொழிற்பயிற்சி பெற்றவர்களே.

அவர்களிடம் ஒப்பந்தத் தாள் எதுவும் இல்லை. ஆயினும் அதனினும் வலிய பிணைப்பு ஒன்று இருந்தது. கடை முதலாளி பெரும்பாலும் அதே ஊரினர், உறவினராகவும் இருப்பார். பையன் வேளைக்கு உண்டானா, கணக்கு எழுதக் கற்றானா என்பதெல்லாம் அடுத்த கடிதத்தில் ஊருக்குத் தெரிந்துவிடும். பையனை வருத்திய முதலாளி, ஊர் திரும்பும்போது அவன் தந்தையின் முகத்தில் விழித்தாக வேண்டும். அந்த அச்சமே அன்று காவலாக நின்றது. அம்முறையில் குறையே இல்லை என்று நாம் கூறவரவில்லை. ஆண்டுக்கணக்கில் கூலியின்றி உழைத்தவர்களும் உண்டு; தொழிலைக் கற்பிக்காமலே காலங்கடத்திய முதலாளிகளும் உண்டு. எனினும், பையன் எங்கே இருக்கிறான், யார் பொறுப்பில் இருக்கிறான் என்னும் இரு வினாக்களுக்கும் வீட்டாரிடம் விடை இருந்தது.

இன்று நம் மாணவர்கள் கணினியியல் பயின்று பட்டம் பெறுகின்றனர். அவர்களுக்கும் கடல் கடந்து அழைப்பு வருகிறது. ‘ஆறு மாதப் பயிற்சி’, ‘உதவித்தொகையுடன் பயிற்சி’ என்றெல்லாம் அந்த அழைப்பு இனிமையாகவே ஒலிக்கிறது. ஆனால் மேற்கூறிய இரு வினாக்களையும் கேட்டால், விடை கூறுவார் பலநேரம் இல்லை. பயிற்சி என்னும் ஒரே சொல் கல்விக்கும் பெயராகிறது. மலிவான உழைப்புக்கும் பெயராகிறது. சில வேளைகளில் சிறைக்கும் பெயராகிவிடுகிறது. இவற்றைப் பிரித்தறியும் வழி யாது என்பதே இக்கட்டுரையில் நாம் எண்ணிப் பார்க்க விரும்புவது.

வகுப்பறை தர இயலாதது

அயல்நாடு எதற்கு, சென்னையில் இல்லாத நிறுவனமா என்று பெரியோர் சிலர் கேட்கின்றனர். நேர்மையான கேள்விதான். அதற்கு விடை காண, பயிற்சியில் ஒரு மாணவன் உண்மையில் எதைக் கற்கிறான் என்று முதலில் பார்க்க வேண்டும்.

கல்லூரியில் அவன் எழுதும் நிரல் அவனாலேயே தொடங்கப்பட்டு, அவனாலேயே முடிக்கப்படுவது. மதிப்பெண் பெற்றவுடன் அதன் ஆயுள் முடிந்துவிடும். பணியிடத்தில் நிலைமை வேறு. முன்பின் அறியாத பலர் பல ஆண்டுகளாக எழுதிய ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நடுவே அவன் ஒரு சிறு திருத்தம் செய்ய வேண்டும். அத்திருத்தத்தால் வேறெதுவும் கெடவில்லை என்று சோதித்துக் காட்ட வேண்டும். தான் எழுதியதை மற்றொருவர் வரிவரியாகப் படித்துக் குறை கூறும்போது முகம் சுளிக்காமல் கேட்க வேண்டும். நாளை வருபவனுக்கு விளங்கும்படி விளக்கக் குறிப்பு எழுதிவைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தெரியாதபோது ‘தெரியவில்லை’ என்று காலத்தோடு சொல்லப் பழக வேண்டும். நம் வகுப்பறைகளில் தெரியாததை மறைப்பதே மானம் காக்கும் வழியாக இருந்துவருகிறது. பணியிடத்தில் அது பிழையை வளர்க்கும் வழி.

இவை நம் நாட்டு நிறுவனங்களிலும் கற்கத்தக்கனவே. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின்கீழ், உதவித்தொகையுடன் இங்கேயே பயிற்சி பெறவும் வழி உண்டு. அதனை ஏளனமாகக் கருதுவது அறியாமை. ஆயினும் அயல்மண்ணில் பெறும் பயிற்சிக்குத் தனிப் பயன் ஒன்று உண்டு. வேற்று மொழியினர் நடுவே, தன் வீட்டுப் பெயரும் ஊர்ப் பெயரும் செல்லாத இடத்தில், தன் கைத்திறனை மட்டுமே காட்டி நிற்கும்போது இளைஞன் தன்னைத் தானே அளந்தறிகிறான். அந்த அளவை வேறெங்கும் கிடைப்பது அரிது. ஆகவே செல்லலாமா என்பது நம் கேள்வியன்று; எவ்வகை ஏற்பாட்டின்கீழ்ச் செல்வது என்பதே கேள்வி.

செருமானியர் செய்துள்ள ஏற்பாடு

இதற்குச் செருமனி நாடு நல்லதோர் எடுத்துக்காட்டு. அங்குப் பள்ளிப் படிப்பை முடித்த இளைஞர்கள், வாரத்தில் சில நாள் நிறுவனத்திலும் சில நாள் தொழிற்பள்ளியிலுமாகத் தொழில் பயில்கின்றனர். கணினித் துறைக்கென 1997ஆம் ஆண்டில் தனிப் பயிற்சிப் பிரிவுகள் ஏற்படுத்தப்பட்டன. நிரல் உருவாக்கம், கணினி அமைப்புகளை ஒருங்கிணைத்தல் என்று தொடங்கிய அவை, 2020இல் மேலும் விரிவாக்கப்பட்டன. பயிற்சிக் காலம் 3 ஆண்டுகள்.

அந்நாட்டுத் தொழிற்கல்விச் சட்டம் 2005இல் திருத்தப்பட்டபோது ஒரு புது விதி சேர்க்கப்பட்டது. பயிற்சியின் நோக்கத்திற்குத் துணைசெய்யுமாயின், மொத்தக் காலத்தில் நான்கில் ஒரு பங்குவரை அயல்நாட்டில் கழிக்கலாம் என்பது அவ்விதி. அதாவது, 3 ஆண்டுப் பயிற்சியில் 9 மாதம். அந்த மாதங்கள் பயிற்சியின் பகுதியாகவே கணக்கிடப்படும். தாய் நிறுவனம் வழங்கும் உதவித்தொகையும் நில்லாது. அயல்நாட்டில் தங்கும் காலம் 8 வாரத்தைக் கடக்குமாயின், அங்கு என்ன கற்கப்படும் என்னும் திட்டத்தை வகுத்து, பயிற்சியை மேற்பார்வையிடும் தொழில் வணிக மன்றம் போன்ற அமைப்பின் இசைவைப் பெற வேண்டும்.

இதற்குத் துணையாக ஐரோப்பிய ஒன்றியத்தின் திட்டங்களும் உள்ளன. தொழிற்கல்வி மாணவர்க்கென 1995இல் இலியனார்டோ டா வின்சியின் பெயரால் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. 2014 முதல் அது ‘எராசுமசு பிளசு’ என்னும் பெருந்திட்டத்தினுள் அடங்கிவிட்டது. இதன்கீழ்ச் செருமானியக் கணினிப் பயிற்சியாளன் ஒருவன், அயர்லாந்திலோ மால்டாவிலோ உள்ள நிறுவனத்தில் சில வாரமோ, சில மாதமோ பயிற்சி பெறலாம். பயணச் செலவுக்கும் தங்குவதற்கும் நல்கை உண்டு. புறப்படுமுன் ஒரு கற்றல் உடன்படிக்கை எழுதப்படுகிறது. அனுப்பும் நிறுவனம், ஏற்கும் நிறுவனம், பயிற்சியாளன் ஆகிய மூவரும் அதில் கையொப்பமிடுகின்றனர்.

இம்மூன்று கையொப்பங்களையே நாம் சிறப்பாகக் கருதுகிறோம். நம் முன்னோர் காலத்தில் ஊரும் உறவும் செய்த காவலை, அங்கு ஒரு தாள் செய்கிறது. அனுப்பியவர் பொறுப்பைக் கைகழுவ இயலாது. ஏற்றவர் மாணவனைத் தம் விருப்பப்படி எந்த வேலைக்கும் ஏவ இயலாது. சென்றவனும் பொழுதைப் போக்கிவிட்டுத் திரும்ப இயலாது. அவன் திரும்பி வருவதற்குரிய இடமும் காத்திருக்கிறது.

அமெரிக்க விதியில் ஒரு பாடம்

நம் மாணவர்க்கு ஐரோப்பியர்க்குள்ள அவ்வாய்ப்பு அப்படியே கிட்டாது. ஆயினும் அவர்கள் பெரிதும் விரும்பும் அமெரிக்காவிலும் இத்தகைய ஏற்பாடு ஒன்று உண்டு. 1961ஆம் ஆண்டின் கல்வி, பண்பாட்டுப் பரிமாற்றச் சட்டத்தின்கீழ் வழங்கப்படும் ‘ஜே-1’ விசாவில் பயிற்சிக்கெனத் தனிப் பிரிவுகள் உள்ளன. கல்லூரியில் பயில்வோரும், படிப்பை முடித்து ஓராண்டு கடவாதோரும் 12 மாதம்வரை பயிற்சி பெறலாம். பட்டம் பெற்றபின் தம் நாட்டில் அத்துறையில் குறைந்தது ஓராண்டு பணியாற்றியவர் 18 மாதம்வரை பெறலாம்.

இதற்கென ‘டி.எஸ். 7002’ என்னும் படிவம் உண்டு. யார் கற்பிப்பார், ஒவ்வொரு கட்டத்திலும் எதைக் கற்பிப்பார், கற்றதை எவ்வாறு மதிப்பிடுவார் என்பவற்றை அதில் எழுத வேண்டும். பயிற்சியாளரை எடுபிடி வேலைக்கு வைத்துக்கொள்ளுதல் ஆகாது. எழுத்தர் வேலை ஐந்தில் ஒரு பங்கைக் கடத்தல் கூடாது. உள்நாட்டு ஊழியரை நீக்கிவிட்டு அவரிடத்தில் பயிற்சியாளரை அமர்த்துதலும் கூடாது என்று விதிகள் கூறுகின்றன.

விதி இருப்பதனாலேயே எல்லாரும் அதன்படி ஒழுகுகின்றனர் என்று நாம் நம்பவில்லை. ஆனால் விதியை அறிந்த மாணவனுக்கு வினவும் உரிமை உண்டாகிறது. ‘என் படிவத்தில் எழுதியது இது, நீங்கள் தரும் வேலை வேறு’ என்று பணிவோடும் துணிவோடும் அவனால் கூற முடியும். படிக்காமல் கையொப்பமிட்டவனுக்கு அந்தத் துணிவு எங்கிருந்து வரும்?

ஒரு கடிதமும் நான்கு வினாக்களும்

சில ஆண்டுகளுக்கு முன், நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் துறைக்கு வந்தார். கையில் ஒரு கடிதம். பாங்காக்கு நகரில் உள்ளதாகக் கூறிக்கொண்ட நிறுவனம் ஒன்று, கணினிப் பயிற்சிக்கு அவரைத் தேர்ந்தெடுத்திருந்தது. உணவும் உறைவிடமும் இலவசம். மாதந்தோறும் நல்ல ஊதியம். பத்து நாளில் புறப்பட வேண்டும். அவர் நம்மிடம் வேண்டியது ஒன்றே. விடையாக எழுதியிருந்த ஏற்புக் கடிதத்தில் மொழிப் பிழை உள்ளதா என்று பார்த்துத் தரவேண்டும் என்றார்.

அவருடைய கடிதத்தில் இரண்டு பிழைகள் இருந்தன, திருத்தினோம். வந்திருந்த கடிதத்தின் மொழியோ குற்றமற்றிருந்தது. அதில் இல்லாதவற்றைத்தான் நாம் கவலையோடு நோக்கினோம். கற்பிப்பவர் பெயர் இல்லை. பாடத்திட்டம் இல்லை. எந்த விசாவில் செல்வது என்னும் குறிப்பு இல்லை. விசாரித்தபோது, சுற்றுலா விசா போதும் என்று முகவர் கூறியதாக அவர் தெரிவித்தார். உடனே நான்கு வினாக்களை எழுதி அனுப்புமாறு அவரிடம் கூறினோம். கற்பிப்பவர் யார்? வாரவாரியாக என்ன கற்பிக்கப்படும்? பணிபுரிய இசைவளிக்கும் விசா எது? இடையில் விலக விரும்பினால் கடவுச்சீட்டு யார் கையில் இருக்கும்? அவர் அனுப்பினார். விடை வரவேயில்லை.

அந்த மாணவர் நம்மீது சில காலம் வருத்தத்தோடு இருந்தார். வந்த வாய்ப்பைக் கெடுத்துவிட்டோம் என்று எண்ணினார் போலும். பின்னர் 2022 செப்டம்பரில், இந்திய வெளியுறவு அமைச்சகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தாய்லாந்தில் கணினி வேலை என்று ஆசை காட்டி அழைக்கப்படும் இளைஞர்கள், எல்லை கடத்தப்பட்டு மியன்மாருக்குள் கொண்டுசெல்லப்படுகின்றனர். அங்கு அடைத்துவைக்கப்பட்டு, வலைவழி மோசடிகளில் ஈடுபடுமாறு கட்டாயப்படுத்தப்படுகின்றனர் என்பது அதன் சாரம். கணினி அறிந்த இளைஞரே இவ்வலைக்கு இலக்கு என்பதையும் அமைச்சகம் சுட்டிக்காட்டியது. அவ்விடங்களில் சிக்கியவருள் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தனர். 2025 மார்ச்சில், தாய்லாந்தின் எல்லை நகரான மே சோட்டிலிருந்து ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட இந்தியர், விமானப்படை விமானங்களில் மீட்டுக்கொண்டுவரப்பட்டனர். மியன்மாரில் மட்டும் குறைந்தது 1,20,000 பேர் இவ்வாறு அடைபட்டிருக்கக்கூடும் என்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் 2023இல் கூறியிருந்தது.

நம் பாட்டனார்கள் பொருள் தேடிச் சென்ற பர்மாவே இது. 1942இல் போரின்போது அங்கிருந்து கால்நடையாக நாடு திரும்பியவர்களின் கதைகளை, நம் இல்லங்களில் இன்றும் கேட்கலாம். எண்பது ஆண்டுகள் கழித்து, அவர்தம் பேரர்களின் தலைமுறை அதே மண்ணில் வேறொரு வகையில் சிறைப்பட்டதை எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது.

படித்தவருக்குக் காவல் இல்லை

ஈண்டு ஒரு செய்தியைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம், அயல்நாட்டு வேலைக்கு ஆளெடுக்கும் முகவர்கள் அரசிடம் பதிவு பெறவேண்டும் என்கிறது. அவர்கள் வாங்கத்தக்க சேவைக் கட்டணத்துக்கு வரி நீங்கலாக 30,000 ரூபாய் என்னும் வரம்பும் விதிக்கப்பட்டது. பத்தாம் வகுப்புத் தேறாதவர் 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும்போது, குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெறவேண்டும் என்னும் முறையும் ஏற்பட்டது. தாய்லாந்தும் அப்பதினெட்டு நாடுகளுள் ஒன்றாக வைக்கப்பட்டது. அந்த அனுமதிக்காகத் தாள்களை நீட்டும்போது, வேலை ஒப்பந்தம் ஒருமுறையேனும் ஓர் அரசு அலுவலரின் கண்ணில் படுகிறது.

பட்டதாரிக்கு இந்த அனுமதி தேவையில்லை. படித்தவன் தன்னைத் தானே காத்துக்கொள்வான் என்று அரசு கருதியது. கருத்து நல்லதே, ஆனால் நடப்பு வேறாக இருக்கிறது. கொத்தனார் வேலைக்குச் செல்பவரின் தாளைப் பார்க்க ஓர் அலுவலர் உண்டு; கணினிப் பயிற்சிக்குச் செல்லும் பட்டதாரியின் தாளைப் பார்க்க அவரைத் தவிர வேறு ஆளில்லை. அவரோ அதைப் படிப்பதில்லை. பயணப் பெட்டியில் எதை வைப்பது என்று ஆராயும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட அந்தத் தாளுக்கு ஒதுக்குவதில்லை.

தமிழ்த்துறை மலரில் இப்பொருளைப் பேசுவதேன் என்று சிலர் வியக்கலாம். ஓர் உரையைப் படித்து, அதில் கூறியது எது, கூறாமல் விட்டது எது என்று காண்பதே நம் துறையின் தொழில். இலக்கியத்திற்குச் செலுத்தும் அந்தக் கவனத்தை, வாழ்வைத் தீர்மானிக்கும் ஒரு தாளுக்கும் செலுத்தக் கற்பிக்கவில்லையென்றால், நாம் கற்பித்த தமிழால் மாணவனுக்கு என்ன பயன்?

செய்யத்தக்கன சில

கல்லூரி ஒரு பதிவேடு வைக்கலாம். பயிற்சிக்குச் செல்லும் ஒவ்வொரு மாணவனின் நிறுவனம், முகவரி, மேற்பார்வையாளர், விசா வகை, திரும்பும் நாள் ஆகியன அதில் இடம்பெற வேண்டும். ஓர் ஆசிரியர் அதற்குப் பொறுப்பேற்று, மாதம் ஒருமுறை மாணவனோடு பேச வேண்டும். எழுத்துவடிவப் பயிற்சித் திட்டம் கைக்கு வராத எவருக்கும், கல்லூரியின் பெயரால் பரிந்துரைக் கடிதம் தருவதில்லை என்று உறுதி பூணலாம். இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் ஓர் ஆசிரியரின் அக்கறையும் போதும்.

சமுதாயப் பெரியோர்க்கு நம் வேண்டுகோள் ஒன்று உண்டு. துபாயிலும் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இன்னும் பல நகரங்களிலும் நம் பழைய மாணவர்கள் நல்ல நிலையில் உள்ளனர். புதிதாக வந்திறங்கும் பயிற்சியாளரை முதல் வாரத்தில் ஒருமுறை நேரில் சென்று காணும் கடமையை அவர்கள் ஏற்க வேண்டும். அன்று கடை முதலாளி செய்த காவலை, இன்று பழைய மாணவர் சங்கம் செய்யலாம். பயணத்திற்குப் பணமில்லாமல் முகவரிடம் கடன்படும் ஏழை மாணவர்க்கு, வட்டியில்லாக் கடனாக ஓரளவு உதவினால் அதுவும் பெருங்காவலே. கடன்பட்டவனால் தீய இடத்தை விட்டு எளிதில் வெளியேற முடிவதில்லை.

பெண்மக்களைப் பற்றியும் கூறவேண்டும். கணினி வகுப்புகளில் முன்வரிசையில் நிற்கும் மாணவியர், பயிற்சி என்று வரும்போது பின்தங்கிவிடுகின்றனர். பெற்றோரின் தயக்கத்தை நாம் பழிக்கவில்லை. மகள் எங்கே தங்குவாள், யாரை அழைக்கலாம் என்பதற்குத் தெளிவான விடை இல்லாத நிலையில் தயங்குவது இயல்பே. அந்த விடைகளைத் தாளில் எழுதித் தருவோமாயின், அவர்களுள் பலரும் இசைவார்கள் என்றே நம்புகிறோம்.

மாணவ மணிகளே! உங்களை அச்சுறுத்திக் கரையிலேயே நிறுத்துவது நம் எண்ணமன்று. செல்லுங்கள், ஆனால் மாணவராகச் செல்லுங்கள். எவர் உங்களுக்குக் கற்பிப்பார் என்பதை அறிந்து செல்லுங்கள். கடவுச்சீட்டை எவர் கேட்டாலும் கைவிடாதீர்கள். சுற்றுலா விசாவில் பயிற்சி என்று சொல்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பயிற்சி முடிந்து வந்ததும், அடுத்த வகுப்பு மாணவர் முன் ஒரு மணி நேரம் நின்று, கற்றதையும் பட்டதையும் மறைக்காமல் கூறுங்கள்.

அன்றைய சபுராளி ஊர் திரும்பும்போது, அவர் பெட்டியைத் திறக்கும் வேளையில் தெருவே கூடிநிற்கும். அத்தரும் துணியும் பங்கிடப்படும். நீங்கள் கொண்டுவரும் அறிவும் அவ்வாறே பங்கிடப்பட வேண்டும். அதற்கு முதலில் நீங்கள் நலமாகத் திரும்பி வரவேண்டும். அந்தத் திரும்பும் நாளைப் பதிவேட்டில் குறித்துவைத்துக் காத்திருப்பது நம் கடமை.